மடிக்கணினிக்கு விசிறி வீசினால் போதுமா?

சாய்ந்தமருதில் ஒரு விடயம் சூடாக இருக்கின்றது என்று சொன்னால், கேட்பவர் உடனே நகர சபைக் கோரிக்கையைத்தான் நினைத்துக்கொள்வார். 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வெளியாகி, சில நாட்களிலேயே அது இடைநிறுத்தப்பட்ட கதையை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு மீண்டும் சொல்லத் தேவையில்லை. இன்று நான் எழுத எடுத்துக்கொண்டது வேறு சூடு. எமது பிள்ளைகள் மேசையிலும் மெத்தையிலும் பாயிலும் வைத்துப் பாவிக்கின்ற மடிக்கணினிகளின் சூடு. இது ஒரு கட்டுரைக்குரிய விடயமா என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு குடும்பத்தின் பல மாத வருமானம் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றது என்பதை அறிந்தவர்கள் அவ்வாறு கேட்க மாட்டார்கள்.

கல்முனைக் கடைத்தெருவிலோ எமது பிரதான வீதியிலோ கணினிக் கடை ஒன்றினுள் நுழைந்து, "லெப்டொப் சூடாகி, இடையில் நிண்டு போகுது" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி ஒன்றுதான்: "மகன், கூலிங் பேட் ஒண்டு வாங்கி வைங்க, சரியாப் போகும்." இரண்டு அல்லது நான்கு சிறு விசிறிகள் பூட்டப்பட்ட, நீல நிற வெளிச்சம் தருகின்ற ஒரு தட்டு. கணினியை அதன் மேல் வைத்து, யூ.எஸ்.பி. வயரைச் செருகினால் விசிறி சுழலும். வாங்கியவருக்கும் ஏதோ வைத்தியம் செய்துவிட்ட திருப்தி ஏற்படும்.

அந்தத் தட்டு ஏமாற்று வேலை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், எமது கரையோரத்தில் அது முதலாவது மருந்தாகக் கொடுக்கப்படுவது பிழையானது என்பதே எனது அபிப்பிராயம். இங்குள்ள கணினிகளுக்குப் பிடிக்கின்ற நோய் பெரும்பாலும் வேறு.

முதலில் இந்த நோயின் விலையைப் பார்ப்போம். 2022 மார்ச் மாதம் ரூபாவின் பெறுமதி மிதக்கவிடப்பட்டபோது, அதற்கு முன்னர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், இரண்டே மாதங்களில் 360 ரூபாவை எட்டியது. இறக்குமதியாகும் மடிக்கணினியின் விலை அதே வேகத்தில் ஏறியது. பின்னர் ரூபா ஓரளவு தலைநிமிர்ந்த போதிலும் பழைய விலை திரும்பி வரவேயில்லை. இவ்வாறான காலத்தில்தான் கடற்றொழில் செய்யும் தகப்பனோ, மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யும் தாயோ, மகள் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானதும் நகையை அடகு வைத்து ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுக்கின்றனர். நான்கு வருடப் படிப்புக்கு அந்த ஒரு கணினிதான். மூன்றாம் வருடத்தில் அது வெந்து போனால் அடகு வைக்க இன்னொரு நகை கிடையாது.

அது ஏன் சூடாகின்றது என்பதை விளங்கிக்கொள்ள பொறியியல் பட்டம் தேவையில்லை. கலைப் பட்டதாரியான எனக்கே விளங்கியது. கணினியின் மூளையான புரொசசர் உள்வாங்கும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளியேறுகின்றது. மெல்லிய மடிக்கணினிகளில் அது 15 வாட் அளவிலும், விளையாட்டுக்கும் வீடியோ வேலைகளுக்கும் உரிய பெரியவற்றில் 45 வாட் அளவிலும் இருக்கும். கடுமையாக வேலை வாங்கும்போது இன்னும் கூடும். அந்த வெப்பத்தை ஒரு செப்புக் குழாய் சுமந்து செல்கின்றது. குழாயினுள் காற்று அகற்றப்பட்டு மிகச் சிறிதளவு நீர் அடைக்கப்பட்டிருக்கும். சூடான முனையில் அந்த நீர் ஆவியாகி, மறுமுனைக்கு ஓடி, அங்கே மீண்டும் நீராகின்றது. நோன்புக் கஞ்சிப் பானையின் மூடியில் ஆவி துளித்துளியாகப் படிகின்றதே, அதே விதிதான். அந்த மறுமுனையில் சீப்பின் பற்களைப் போன்ற மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் சிறு விசிறி, வெளிக்காற்றை இழுத்து அந்தத் தகடுகளுக்கிடையில் ஊதி, வெப்பத்தைப் பக்கவாட்டுத் துவாரத்தினூடாக வெளியே தள்ளுகின்றது.

ஆகவே வெப்பத்தை எடுத்துச் செல்வது அறையில் இருக்கும் காற்றுத்தான். எமது பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கின்றது. தகடுகள் 70 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் அறைக்காற்று 22 பாகை என்றால் வித்தியாசம் 48 பாகை. எமது வீட்டில் அது 34 பாகை என்றால் வித்தியாசம் 36 பாகைதான். அதே விசிறி, அதே வேகத்தில் சுழன்றாலும், எமது காற்று எடுத்துச் செல்லும் வெப்பம் நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடுகின்றது. கணினி அதை ஈடுசெய்ய இன்னும் சூடாகியே தீரவேண்டும்.

அப்பிள் நிறுவனம் தனது மடிக்கணினிகளை 10 முதல் 35 பாகை வரையான சூழலில் பாவிக்குமாறு எழுதி வைத்திருக்கின்றது. ஏனைய நிறுவனங்களின் கையேடுகளிலும் இதையொத்த எல்லைகளைக் காணலாம். ஆனால் கச்சான் காற்றுக்கு இந்தக் கையேட்டை வாசித்துக் காட்டுவது யார்? தென்மேற்குப் பருவக்காற்று தனது மழையை எல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வெறுங்கையுடன் கிழக்கே இறங்கும்போது வரண்டு, சூடாகி, எமக்குக் கச்சானாக வந்து சேருகின்றது. மே மாதம் தொடங்கி ஓகஸ்ட் வரை அது வீசும் நாட்களில் வெளியிலேயே வெப்பம் 35 பாகையை எட்டுவதும் தாண்டுவதும் உண்டு. அந்நேரத்தில் தகரக் கூரையோ அஸ்பெஸ்டஸ் சீற்றோ போட்ட, பக்கத்து வீட்டுச் சுவரை முட்டிக்கொண்டு நிற்கும் ஓர் அறையின் நிலை எவ்வாறு இருக்கும் என்பதை எமது ஊரவருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அப்படிப்பட்ட அறையில் கூலிங் பேட் என்ன செய்கின்றது? பெயரில் குளிர் இருந்தாலும் அது குளிரை உண்டாக்குவதில்லை. அறையில் உள்ள அதே சூடான காற்றைத்தான் கணினியின் அடிப்பாகத்துக்கு ஊதுகின்றது. காய்ச்சல்காரனுக்கு ஓலை விசிறியால் வீசுவது போன்றது. வியர்வை காய்வதற்கு ஒரு வழி உண்டாகும். அறையின் வெப்பத்திலும் பார்க்கக் குறைவான ஒன்றை அந்த விசிறியால் கொடுக்க முடியாது. அதன் பலமும் பெரிதல்ல. பழைய யூ.எஸ்.பி. துவாரம் ஒன்று கொடுக்கக்கூடியது 5 வோல்ட், 500 மில்லி அம்பியர். அதாவது இரண்டரை வாட். அந்த மின்சாரமும் கணினியிலிருந்தே எடுக்கப்படுகின்றது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலான நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டு மின்விசிறி நின்றுபோன அந்த வேளைகளில், மிஞ்சியிருந்த பற்றரியையும் இந்தத் தட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது.

தட்டால் பயன் கிடைக்கும் இடமும் உண்டு. கணினியின் அடிப்பாகத்தில் காற்று உள்ளே செல்லும் துவாரங்கள் இருந்து, தட்டின் விசிறி நேராக அந்தத் துவாரங்களுக்குக் கீழே வருமானால், புரொசசரின் சூடு சில பாகைகள் குறையும். நீண்ட நேரம் வீடியோ தொகுப்பவர்களுக்கும் விளையாடுபவர்களுக்கும் அந்தச் சில பாகைகள் பெறுமதியானவை. ஆனால் எல்லாக் கணினிகளும் அடிப்பாகத்தால் மூச்சு விடுவதில்லை. சில, விசைப்பலகையின் ஓரத்தாலும் திரையின் அடியாலும் காற்றை எடுக்கின்றன. 2020 இல் வெளிவந்த எம்1 மெக்புக் எயாரில் விசிறியே கிடையாது. அடிப்பாகம் முழுவதும் மூடிய கணினிக்கு கீழே எத்தனை விசிறி வைத்து ஊதினாலும், அது மூடிய ஜன்னலுக்கு வெளியே நின்று ஊதுவதற்கு ஒப்பானது. கணினியைப் புரட்டிப் பார்க்காமலேயே தட்டை விற்கும் கடைக்காரர், கண்ணைப் பார்க்காமல் கண்ணாடி விற்பவரைப் போன்றவர்.

கூலிங் பேட் வாங்கிய பின்னர் சூடு குறைந்தது என்று சொல்வோர் பலர் உள்ளனர். அவர்கள் பொய் சொல்லவில்லை. தட்டு வாங்குவதற்கு முன்னர் அந்தக் கணினி மெத்தையின் மேலோ தலையணையின் மேலோ இருந்தது. பஞ்சு அதன் மூக்கை அடைத்துக்கொண்டிருந்தது. தட்டு வந்ததும் கணினி கடினமான, சமதளமான, சற்று உயர்ந்த ஓர் இடத்துக்கு மாறியது. நன்மையில் அரைவாசி அந்த இடத்துக்கு உரியது. விசிறி அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டது. ஒரு மேசையும், கணினியின் பின்பக்கத்தை உயர்த்துவதற்கு இரண்டு சோடாப் போத்தல் மூடிகளும் இருந்தால் அதே அரைவாசி நன்மை செலவின்றிக் கிடைக்கும். சந்தேகம் இருப்பவர்கள் கணினியின் உட்சூட்டைக் காட்டுகின்ற இலவச மென்பொருள் ஒன்றை (கோர் டெம்ப், எச்.டபிள்யூ. மொனிட்டர் போன்றவை) நிறுவி, அரைமணி நேரம் தட்டுடனும் அரைமணி நேரம் தட்டு இல்லாமலும் ஒரே வேலையைக் கொடுத்துப் பார்க்கட்டும். வேலை செய்யும்போது 80, 85 பாகை என்பது பயப்பட வேண்டியதல்ல. 95ஐத் தாண்டி நூறை நெருங்கும்போது புரொசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கின்றது. "கொம்பியூட்டர் ஸ்லோவாகிட்டு, வைரஸ் புடிச்சிருக்கு" என்று எமது பிள்ளைகள் சொல்வதில் ஒரு பகுதி இந்தச் சூட்டின் வேலை.

மடியில் வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2010 இல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ சஞ்சிகையில், தினமும் பல மணித்தியாலம் மடியில் கணினியை வைத்து விளையாடிய 12 வயதுச் சிறுவன் ஒருவனின் தொடைத் தோல் வலைபோல நிறம் மாறியதைச் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் எழுதியிருந்தனர். பெயரில் மடி இருப்பதற்காக மடியில்தான் வைக்க வேண்டும் என்றில்லை.

இனி, நான் வேறு நோய் என்று சொன்னதற்கு வருகின்றேன். அது தூசும் உப்பும்.

எமது ஊர் கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒரு மெல்லிய கீலமாகக் கிடக்கின்றது. கிழக்கிலிருந்து உப்புக் காற்று. மேற்கிலிருந்து, அறுவடைக் காலத்தில் வயல் தூசும் பதரும். கச்சான் வந்துவிட்டாலோ வீதிப் புழுதி முழுவதும் ஜன்னலுக்குள். கணினியின் விசிறி இவற்றை எல்லாம் இழுத்து, சீப்புப் பற்களைப் போன்ற அந்தத் தகடுகளின் மேல் படிய வைக்கின்றது. கடற்கரைத் தூசு வெறும் தூசு அல்ல. உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் தன்மை உடையது. ஆகவே தூசு உதிராமல், பிசுபிசுத்து, ஒட்டி, நாளடைவில் கம்பளித் துண்டு போன்ற ஒரு படலமாகின்றது. அதன் பின்னர் விசிறி எவ்வளவு இரைந்தாலும் காற்று மறுபக்கம் போகாது. வெளியே இருந்து நான்கு விசிறிகள் ஊதினாலும் போகாது. தூசு நிறைந்த அறையில் அவை இன்னும் கொஞ்சம் தூசை உள்ளே அனுப்பிவைக்கும், அவ்வளவுதான். உப்பு செய்யும் மற்றக் கேடு மதர்போர்ட்டில் தெரியும். செப்பு பச்சை பூத்து, ஈய ஒட்டுகள் அரித்துப் போகும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் கேற்றும் சைக்கிளும் துருப்பிடிக்கும் வேகத்தைக் கண்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது.

இதை எமது மீனவர்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. படகின் வெளியிணைப்பு இயந்திரம் கடல்நீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்த்திக்கொள்கின்றது. அந்த நீர் ஓடும் வழியில் உப்பும் மணலும் படிந்து அடைத்தால் இயந்திரம் சூடேறிப் பழுதாகும். அதனால்தான் அக்கறையுள்ள தொழிலாளி கரைக்கு வந்ததும் நன்னீர் ஓடவிட்டு அதைக் கழுவுகின்றார். இயந்திரம் சூடாகின்றதே என்று அதற்கு மேல் விசிறி பூட்டும் ஒருவரை மாளிகைக்காட்டிலிருந்து மருதமுனை வரை தேடினாலும் காண முடியாது. தகப்பன் படகுக்குச் செய்வதை மகன் கணினிக்குச் செய்ய வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவதும். தண்ணீரால் அல்ல என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகின்றேன்.

வருடத்துக்கு ஒரு தடவை கணினியைத் திறந்து, விசிறியையும் தகடுகளையும் தூரிகையாலும் காற்றாலும் சுத்தம் செய்ய வேண்டும். எமது ஊரின் உப்புக்கும் புழுதிக்கும் வருடம் ஒரு தடவை என்பதே குறைவு. புரொசசருக்கும் செப்புக் குழாய்க்கும் இடையில் பூசப்பட்டிருக்கும் தேர்மல் பேஸ்ட் என்ற பசை இரண்டு மூன்று வருடங்களில் காய்ந்து போகக்கூடும். காய்ந்தால் வெப்பம் குழாயைச் சென்றடையாது. அதையும் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத கணினியாயின், திறப்பதற்கு முன்னர் வாங்கிய இடத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. டயர் கடைக் கொம்பிரஷரில் காற்றடிக்கும் பழக்கத்தை மாத்திரம் விட்டுவிடுங்கள். ஈரப்பதன் கூடிய எமது காற்றை அமுக்கும்போது அந்தத் தாங்கியினுள் தண்ணீர் சேருகின்றது. காற்றுடன் எண்ணெய்க் கசிவும் சேர்ந்து கணினிக்குள் போகும். அதன் அழுத்தத்தில் சிறு விசிறி கட்டுக்கடங்காமல் சுழன்று உடையவும் கூடும். கையால் ஊதும் சிறு புளோவர் போதும். விசிறியின் இதழை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும்.

பற்றரியைப் பற்றி எழுதாமல் விடுவது சரியல்ல. வெப்பத்தினால் முதலில் மூப்படைவது அதுதான். முழுதாகச் சார்ஜ் ஏற்றிய நிலையில், சூடான அறையில், இரவு பகலாகச் செருகியே வைத்திருக்கும் லித்தியம் பற்றரி விரைவில் பலமிழக்கும், சிலவேளை வீங்கும். 2006 ஓகஸ்ட்டில் டெல் நிறுவனம் சோனி தயாரித்த 41 இலட்சம் பற்றரிகளைத் தீ அபாயம் காரணமாகத் திரும்பப் பெற்றது. அதே மாதம் அப்பிளும் 18 இலட்சம் பற்றரிகளைத் திரும்பப் பெற்றது. அது தயாரிப்பில் நேர்ந்த குறை. எமது வீடுகளில் நடப்பது பராமரிப்பில் உள்ள குறை. டச்பேட் மேலெழும்பி நிற்கின்றது, அடிமூடி பிளக்கின்றது என்றால் அந்தக் கணினிக்குத் தேவை கூலிங் பேட் அல்ல. உடனே நிறுத்தி, பற்றரியைக் கழற்றுவித்துவிட வேண்டும்.

எனக்கு உண்மையில் மனவருத்தம் தருவது கடைக்காரரின் ஆலோசனை அல்ல. அவர் வியாபாரம் செய்கின்றார். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, படிப்பு வீட்டுக்குள் வந்ததன் பின்னர், எமது பிரதேசத்தில் மடிக்கணினி வழங்கும் நிகழ்வுகள் பெருகின. வெளிநாட்டில் உள்ள ஊரவர்கள், பழைய மாணவர் சங்கங்கள், ஸகாத் நிதியம் நடத்துவோர் என்று பலரும் மனமுவந்து கொடுக்கின்றனர். அல்லாஹ் அவர்களின் கொடையை ஏற்றுக்கொள்வானாக. நான் எழுதிய செய்திகளில் இவ்வாறான நிகழ்வுகளுக்குக் கணக்கில்லை. மேடை, பொன்னாடை, பெட்டியைக் கையளிக்கும் புகைப்படம். ஒன்றரை வருடம் கழித்து அந்தப் பெட்டி எந்த நிலையில் இருக்கின்றது என்று பார்க்க யாரும் ஒரு கூட்டம் நடத்தியதை நான் கண்டதில்லை. பாடசாலைக் கணினி அறைக்கு மட்டும் எங்கு பார்த்தாலும் ஏசி கேட்கின்றோம், மெஷினுக்குச் சூடு கூடாது என்ற நியாயத்துடன். அதே மெஷின் பிள்ளையின் கையில் சீற் கூரைக்குக் கீழே போகும்போது அந்த நியாயம் எங்கே போய்விடுகின்றது?

2013 இல் க.பொ.த. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. அதன் பின்னர் இந்தக் கரையோரத்தில் திருகாணி முறுக்கி ஏட்டுடன் மோதிய இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றனர். ஒலுவிலில் பல்கலைக்கழகம் இருக்கின்றது. சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கின்றது. கச்சான் தொடங்குவதற்கு முன்னர், ஏப்ரலில் ஒரு விடுமுறை நாளில், ஒரு பாடசாலை மண்டபத்தில் பத்து மேசைகளைப் போட்டு, கொடுத்த கணினிகளை எல்லாம் கொண்டுவரச் சொல்லித் தூசு தட்டிப் பசை மாற்றிக் கொடுப்பதற்கு எத்தனை பேர் தேவை? தேநீருக்கும் பசைக்குமான செலவு ஒரு மேடையின் அலங்காரச் செலவைத் தாண்டாது. புகைப்படம் அவ்வளவு அழகாக வராது என்பது வேறு விடயம்.

கணினியைத் திறந்து சுத்தம் செய்தாயிற்று, மேசையிலும் வைத்தாயிற்று, அடியில் துவாரமும் இருக்கின்றது, இருந்தும் வேலைப் பளுவில் 95 பாகையைத் தொடுகின்றது என்றால், அப்போது ஒரு கூலிங் பேட் வாங்கலாம். பெரிய விசிறி ஒன்று மெதுவாகச் சுழலும் தட்டு, இரைச்சலிடும் நான்கு சிறு விசிறிகளிலும் பார்க்கச் சிறந்தது. நீல வெளிச்சத்துக்கு மேலதிகமாகப் பணம் கொடுக்க வேண்டாம். தட்டின் விசிறியும் தூசு பிடிக்கும் என்பதால் அதையும் அதே ஏப்ரல் மாதத்தில் துடைத்துவிடுங்கள்.